பொடி போட்டு ஒண்ணு

பதினோரு மணிக்கெல்லாம் மாவு தீர்ந்துவிடும் என்று
பத்தேகாலுக்கே பறந்தான் அண்ணன்.
அதுவரை சார்பதிவாளர் ஆபீசில்
அவசரம் எதையும் காட்டிக்கொள்ளாதவன்.

காவேரிப்பட்டணம்,
அரிசி மண்டிக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே
பலகை இல்லாத கடை.
சென்றாயன் கடை என்றால் பர்கூர் வரைக்கும் தெரியும்.
நாலே மேசை.
அதில் ஒன்றுக்கு நாலாவது கால் செங்கல்.
எங்களுக்குக் கிடைத்தது அது.

எதிரே மாங்கூழ் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன்காரர்.
அவர் எழுந்து போன பிறகும்
அண்ணன் என் பக்கத்திலேயே இருந்தான்.
எதிரில் உட்கார்ந்தால் முகத்தைப் பார்க்க வேண்டிவரும்.

"என்ன வேணுமோ சொல்லு பாப்பா.
எது வேணும்னாலும்."
சுவரில் சுண்ணாம்பில் எழுதியிருந்தது:
தோசை, பொடி தோசை, முட்டை தோசை.

சென்றாயன் ஒரு கரண்டி மாவை நடுக்கல்லில் விட்டு
உள்ளிருந்து வெளியே சுற்றிக்கொண்டே போனார்.
எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரிந்திருந்தது.
ஆனாலும் ஒரு பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டது,
எங்கள் தோப்பு ஆற்றுப் பக்கம்
நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி.

எங்கள் என்று நினைத்துவிட்டேன்.

பெங்களூரா அறுபது மரம், செந்தூரா பதினொன்று,
கிணற்றுமேட்டில் மல்கோவா ஒன்று.
மேற்படி சொத்தில் எனக்குள்ள பாத்தியதையை
உடன்பிறந்த அன்பின் பொருட்டு
விட்டுக்கொடுத்திருந்தேன்.
அன்பு என்ற சொல்லை எங்கள் குடும்பத்துக்காக
முதன்முதலில் எழுதியவர்
பத்திர எழுத்தர் நஞ்சுண்டையா.
பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டார்.

தோசை வந்தது.
ஓரம் முறுகல், நடு மெத்து.
கடலைச் சட்னியின் மேல் தாளித்த மிளகாய்
இன்னும் சலசலத்துக்கொண்டிருந்தது.
இடது பெருவிரல் மை தட்டின் விளிம்பில் ஒட்டியது.
இந்த ரேகைக்கு யாரும் சாட்சி கேட்கவில்லை.

நன்றாக இருந்தது.
அதுதான் எனக்குக் கோபம்.
புளித்துப்போயிருந்தால்
ஒரு பேச்சு பேசி எழுந்திருப்பேன்.

"மச்சானுக்கு வருத்தம் ஒண்ணுமில்லையே?"
"இன்னொண்ணு," என்றேன்,
சென்றாயனைப் பார்த்து.

இரண்டாவதைக் கல்லிலிருந்து தட்டுக்கு வருமுன்னே
கண்ணால் தின்றேன்.
மூன்றாவதற்கு அண்ணன் லேசாகச் சிரித்தான்,
சின்னதிலேயே நீ இப்படித்தான் என்பதுபோல.
நாலாவதற்குச் சிரிக்கவில்லை.
அவன் தட்டில் அவன் தோசை
தொடாமல் விறைத்துக்கொண்டிருந்தது.
பக்கத்து மேசையில் ஒரு பையன்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பார்க்கட்டும்.

சென்றாயன் அண்டாவைச் சாய்த்து வழித்தார்.
"ஒண்ணுக்குத்தான் வரும்.
யாருக்கு?"
வாசலில் ரெண்டு பேர் நின்றிருந்தார்கள்.
அண்ணன் செங்கல்லைப் பார்த்தபடி சொன்னான்:
"அவளுக்கே போடுங்க."

பொடி போட்டு, என்றேன்.
எண்ணெய் தாராளமா.

வழித்த மாவு, வட்டம் சேரவில்லை.
நடுவில் ஓர் ஓட்டை, கிணறு அளவுக்கு.
"பரவால்லையாம்மா?"
பரவாயில்லை, அதைச் சுற்றித்தானே
எப்போதும் நடந்திருக்கிறேன்.
ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றேன்.
வயிறு வலித்தது.

ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினான்.
நான் தடுக்கவில்லை.
சாதாரணமாகத் தடுப்பேன்,
பில்லுக்கு நாங்கள் கை இழுத்துச் சண்டை போடுவோம்,
கல்யாண வீட்டில்கூட.

திருப்பத்தூர் பஸ்ஸுக்கு நின்றோம்.
பிளாஸ்டிக் பையில் நிப்பட்டு வாங்கிக் கொடுத்தான், பிள்ளைகளுக்கு.
"சீசனுக்கு வா பாப்பா.
பழம் எடுத்துட்டுப் போ, ஒரு கூடை."

"எந்த மரம்?" என்றேன்.

பஸ் வந்து, நான் ஏறி,
ஜன்னலோரம் இடம் பிடித்து
எட்டிப் பார்த்தபோதும்
திம்மராயன்
யோசித்துக்கொண்டே நின்றிருந்தான்.